சாமான் ஏறிய வழி

எங்கள் கட்டடத்துக்கு ஊரில் "பழைய விடுதி" என்றுதான் பேர். விடுதியாக அது நடந்தது நாற்பது வருடத்துக்கும் குறைவு. அப்புறம் தானியக் கிடங்காக இருந்தது, பள்ளிக்கூடமாக இருந்தது, குமாஸ்தாக்களின் குடியிருப்பாக இருந்தது, கடைசியில் பதினொரு குடும்பங்கள் வாடகைக்கு இருக்கும் இடமானது. ஆனாலும் முதல் பேர் ஒட்டிக்கொண்டுவிட்டது. நான் கீழே மூன்றாம் எண்ணில் இருபத்தைந்து வருடம் இருந்தேன். நீதிமன்ற வாசலில் டைப் மெஷின் வைத்து, பிறருடைய மனுக்களை அடித்துக் கொடுத்துப் பிழைக்கிறவன். கட்டடத்தில் எல்லோருக்கும் நான் டைப் சார்.

மாடியில் ஏழாம் எண்ணில் ஒரு குழாய்க்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவர் ஊர் முழுக்கக் குழாய் பதிக்கிறவர். அவள் ஜன்னலோரம் மெஷின் போட்டுத் துணி தைக்கிறவள். பிள்ளைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் மதியச் சாப்பாட்டுக்கு அவளுடைய அண்ணன் வருவார். நகரசபைப் பொறியியல் பிரிவில் வரைபடம் போடும் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சட்டைப்பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, அளவு நாடா இருக்கும். ஊரே அவரை டேப் என்றது. கூடப் பிறந்த தங்கையும் எங்களிடம் பேசும்போது "டேப்பு வந்தாச்சு, இனி ரெண்டு மணி நேரத்துக்கு யாரும் சுவர்ல சாயாதீங்க" என்பாள்.

சாப்பிட்ட கையோடு டேப் வேலையைத் தொடங்குவார். நாடாவின் ஒரு முனை அவரிடம், மறுமுனை குழாய்க்காரரிடம். இப்படியே ஆறு வருடம், ஞாயிறு தவறாமல், மச்சானும் மாப்பிள்ளையுமாக அந்தக் கட்டடத்தை அங்குலம் அங்குலமாக அளந்தார்கள். ஒருவருக்குக் கட்டடத்தின் மேல் காதல். மற்றவருக்கு அப்படி ஒன்றும் இல்லை.

"மச்சான், இந்தக் கட்டடத்துல சொட்டுத் தண்ணி இல்லாத ஒரே இடம் கிணறுதான்" என்பார் குழாய்க்காரர். முற்றத்துக் கிணறு வறண்டு பல காலமாயிருந்தது. டேப் சிரிக்காமல், "அம்பத்தேழு, கால்" என்று எழுதிக்கொள்வார்.

அளந்ததையெல்லாம் அறிக்கையாக எழுதினார். அடித்துக் கொடுத்தது நான். அதனால் நான் குடியிருந்த இடத்தின் கதை எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அதைக் கட்டியவர் ஒரு குதிரைவண்டிக் காண்ட்ராக்டர். ஒரு நாள் பயணம் முடிந்து வண்டிகள் குதிரை மாற்றும் இடத்தில் கட்டியிருக்கிறார். தெருப்பக்க வளைவு வாசல் ஏன் அவ்வளவு உயரம் என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை. கூரைமேல் பெட்டிகளை அடுக்கிய வண்டி அப்படியே உள்ளே நுழைய வேண்டும் என்பதற்காக. வளைவின் இரு காலிலும் முழங்கால் உயரக் கல் நட்டிருக்கும். சக்கரம் சுவரைச் சுரண்டாமலிருக்க. அந்தக் கற்களில் சக்கரம் தேய்த்த பள்ளத்தில் எங்கள் வீட்டுப் பூனை படுத்துக்கொள்ளும். உள்ளே முற்றம், பின்னால் குதிரை லாயம், மாடியில் நாலு பக்கமும் சுற்றிவரும் மரத் தாழ்வாரம், அதற்குக் கடைந்த கால்கள் வைத்த கிராதி. பெரிய சாப்பாட்டுக் கூடத்தை மூன்று வீடுகளாகத் தடுத்திருந்தார்கள். அதன் விதானத்தில் சுண்ணாம்பில் செய்த ஒரு பெரிய பூ. தடுப்புச் சுவர்கள் அதை வெட்டி, வீட்டுக்கு மூன்றில் ஒரு பங்காகக் கொடுத்திருந்தன. என் வீட்டுக்குக் கிடைத்தது நான்கு இதழ்.

பிறகு ரயில் வந்தது. நிலையத்தை ஆற்றுக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். இரண்டே வருடத்தில் விடுதி மூடிக்கொண்டது.

டேப்புக்கு இதையெல்லாம் எழுத ஓர் அவசரமும் இருந்தது. நகரசபை அந்த இடத்தை இடித்துப் பேருந்து நிலையத்துக்கு வண்டி நிறுத்துமிடம் ஆக்கப் பார்த்தது. தன்னுடைய மேலதிகாரிகள் போட்ட திட்டத்துக்கு எதிராகத்தான் அவர் ஆறு வருடம் அளந்தார். பதவி உயர்வு இரண்டு முறை அவரைத் தாண்டிப் போனது. அதை மறுக்க மாட்டேன். அந்த மனிதர் கோழை இல்லை.

அறிக்கையின் உயிர் ஒரே வாக்கியம். "நான்கு பக்கமும் சிறு மாற்றமும் இன்றி முழுமையாக எஞ்சியிருக்கும் மாடித் தாழ்வாரம் இந்த வட்டாரத்தில் இது ஒன்றே." முதல் படியை நான் அடித்தபோது, இருபது பக்கம் தள்ளி இன்னொரு வாக்கியமும் இருந்தது. வடக்குத் தாழ்வாரத்தில் ஆறாவது தூணுக்குப் பக்கத்தில் மூன்றரை அடிக் கிராதி பிற்காலத்தில் அடைக்கப்பட்டது என்றும், விடுதி நடந்தபோது அது திறந்த வழியாக இருந்தது என்றும். பெட்டிகள் படிக்கட்டில் திரும்பாது என்பதால் முற்றத்திலிருந்து கப்பி கட்டி, அந்த வழியாகத்தான் மேலே இழுத்திருக்கிறார்கள். மேலே உத்தரத்தில் இரும்புக் கொக்கி இன்னும் இருக்கிறது. திருத்திய படியில் அந்த வாக்கியத்தைக் காணோம்.

"இங்க ஒரு வரி விட்டுப்போச்சே?" என்று கேட்டேன்.

"விடல. எடுத்துட்டேன். அது தேவையில்ல சார்" என்றார்.

தேவையா இல்லையா என்று சொல்ல நான் யார்? அடித்துக் கொடுத்தேன்.

பழங்கட்டடங்களைக் கவனிக்கும் குழு, எங்கள் கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் ஏற்றியது. வளைவு வாசலில் பலகை வைத்தார்கள். இடிக்கும் பேச்சு நின்றது. பதினொரு குடும்பமும் டேப்புக்குக் கைகொடுத்தோம். குழாய்க்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முன் வரிசையில் நின்று எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டினார்.

அடுத்த வருடம் ஒரு காலையில், பல் தேய்த்துக்கொண்டிருந்த குழாய்க்காரர் அப்படியே சரிந்தார். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. ஆம்புலன்ஸ்காரர்கள் கொண்டுவந்த படுக்கை படிக்கட்டில் ஏறவே இல்லை. இரண்டு திருப்பம், தோள் அகலம். கடைசியில் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, போர்வையால் கட்டி, நாலு பேர் இறக்கினோம். நானும் பிடித்தேன். இரண்டாம் திருப்பத்தில் நாற்காலியை ஏறக்குறைய நட்டுக்குத்தலாக நிறுத்த வேண்டியிருந்தது. கோணிய வாயோடு அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வலியைவிட வெட்கம்தான் இருந்தது.

ஒரு மாதம் கழித்து அதே நாற்காலியில் மேலே ஏற்றினோம். அதன்பிறகு பதினான்கு மாதம் அவர் கீழே இறங்கவில்லை. உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்தவர் இரண்டு தரம் வந்தார். ஆஸ்பத்திரிக்கே கூட்டிவாங்க, அங்கேதான் கம்பி, கருவி எல்லாம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டார். லாயத்தில் மூன்று அறைகள் காலியாகத்தான் கிடந்தன. ஆனால் விடுதி வரலாற்றுக் கண்காட்சி வைக்கப் போவதாகக் குழு பூட்டு போட்டிருந்தது. கண்காட்சியும் வரவில்லை, பூட்டும் திறக்கவில்லை. அவர் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, கிராதி இடுக்கு வழியாக முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவருக்கு வெல்டர் ஒருவர் சிநேகிதர். அவர்தான் யோசனை சொன்னார். முற்றத்தில் தனியாக ஓர் இரும்புச் சட்டம், அதில் ஏறி இறங்கும் ஒரு தட்டு. கட்டடத்தின்மேல் ஓர் ஆணிகூட அடிக்க வேண்டாம். கிராதியில் மூன்றரை அடி மட்டும் எடுத்துவிட்டுக் கதவு வைத்தால் போதும். இடம் பார்த்துக் காட்டியவர் குழாய்க்காரர். இடது கையை நீட்டி, ஆறாவது தூணைக் காட்டினார்.

மனுவை நான் அடித்தேன். குழு அதைக் கருத்துக்காக டேப்புக்கு அனுப்பியது.

ஒரு புதன்கிழமை டேப் நீதிமன்ற வாசலுக்கு வந்தார். வீட்டுக்கு வந்திருக்கலாம், வரவில்லை. பலகையில் உட்கார்ந்து, சொல்லச் சொல்ல நான் அடித்தேன்.

"குறிப்பிட்ட கிராதிப் பகுதி கட்டடம் எழுந்த காலத்தைச் சேர்ந்தது. அதை அகற்றினால் தாழ்வாரத்தின் முழுமை கெடும். மனுதாரர் தரைத்தளத்தில் வேறு வசிப்பிடம் தேடிக்கொள்வது உகந்தது."

என் விரல் நின்றது. "இது உங்க தங்கச்சி மனு."

"தெரியும். குழு எங்கிட்ட கருத்து கேட்டிருக்கு. அண்ணனான்னு கேக்கல."

"இருந்தாலும்..."

"அடிங்க சார்."

நான் அடித்தேன். முப்பது வருடத்தில் எத்தனையோ பொய்களை அடித்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை பொய் என்று எனக்குத் தெரியாது. இது தெரிந்து அடித்தது.

டேப்பின் கருத்தை மேற்கோள் காட்டிக் குழுவின் மறுப்பு வந்த அன்று, அவள் தாழ்வாரத்தில் நின்று கணவருக்கு வாசித்துக் காட்டினாள். எங்கள் கட்டடத்தில் மாடியில் பேசினால் முற்றம் முழுக்கக் கேட்கும். பயணிகளைக் கீழிருந்தே கூப்பிட வசதியாக அப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று அறிக்கையில் இருந்தது. வாசித்து முடித்ததும் குழாய்க்காரர் ஏதோ சொன்னார். பேச்சு குழறியது. அவள் மறுபடி கேட்டாள்.

"கம்பி ஆணி" என்றார் அவர். "அது... பழசில்ல. மத்ததெல்லாம் கொல்லன் அடிச்சது. அது கம்பி ஆணி. நான்தான் காட்டுனேன். மச்சானுக்குத் தெரியும்."

அவள் துணி வெட்டும் கத்தரியைக் கொண்டுவந்தாள். ஆறாவது தூணுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஒரு ஆணியை நெம்பி எடுத்தாள். உருண்டைத் தலை, மெல்லிய உடம்பு, எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கிற ஆணி. பக்கத்துக் கிராதியிலிருந்தும் ஒன்றை எடுத்தாள். அது சதுரமாக, கறுப்பாக, விரல் போலத் தடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை டேப் வழக்கம்போல வந்தார். படியேறவிடாமல் முற்றத்திலேயே மறித்தாள்.

"இது என்ன சொல்லுண்ணா." உள்ளங்கையில் இரண்டு ஆணியும் இருந்தன.

அவர் பார்த்தார். "மேல போய்ப் பேசலாம்மா."

"இங்கயே பேசு. உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சா எழுதுன?"

அவர் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியும் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "ஒரு பொய்னு தெரிஞ்சா மொத்த அறிக்கையும் பொய்ம்பாங்க. நகரசபை அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கு. பட்டியல்லேருந்து எடுத்தா ஒரே மாசத்துல புல்டோசர் நிக்கும். பதினோரு குடும்பம் தெருவுக்கு வரும். அதையும் யோசிச்சுப் பாரும்மா."

"பதினோரு குடும்பத்துக்காக எம் புருஷன் மேலயே கிடக்கணுமா?"

"அப்படி இல்ல..."

"வேற எப்படி?"

மேலே தாழ்வாரத்திலிருந்து குழாய்க்காரரின் குரல் வந்தது. ஒவ்வொரு சொல்லாக, தள்ளித் தள்ளி. "மச்சான். அந்தக் காலத்துல... பெட்டிக்கு வழி வச்சான். நான் பெட்டியாவது... ஆகக் கூடாதா?"

அவர் எப்போதும்போல் வேடிக்கையாகத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. டேப் வந்த வழியே திரும்பிப் போனார்.

அவள் அன்று சாயங்காலமே வீடு வீடாக வந்தாள். அந்தப் பகுதி பிற்காலத்தது, நாங்கள் பார்த்தோம் என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துக் கேட்டாள். இரண்டாம் எண்காரர் வெளியூர் போய்வந்து போடுகிறேன் என்றார். ஒன்பதாம் எண் அம்மா கண்ணாடி காணோம் என்றாள். கண்ணாடி அவள் தலைமேல் இருந்தது. என் வாசலுக்கு வந்தபோது நான் கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தேன்.

"எனக்கு அவ்வளவு விவரம் தெரியாதும்மா" என்றேன்.

முதல் படியின் கார்பன் நகல் என் கட்டிலுக்கு அடியில் பெட்டியில் இருந்தது. வேறு இடத்தில் எனக்கு வாடகைக்கு வீடு கிடைக்காது என்று பயம். அவ்வளவுதான் காரணம். கௌரவமான காரணம் வேண்டுமென்றால் ஒன்றைத் தேடலாம், ஆனால் அது பொய்யாக இருக்கும். அவள் தண்ணீரைக் குடித்துவிட்டு, "சரி சார்" என்று எழுந்து போனாள்.

ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, எல்லோரும் பார்க்க, வெல்டர் ரம்பத்தோடு வந்தார். "என்கிட்ட குடுங்க" என்று வாங்கி, முதல் அறுப்பை அவளே அறுத்தாள். மூன்றரை அடி. மதியத்துக்குள் இரும்புச் சட்டம் எழுந்தது. நாலு மணிக்குக் குழாய்க்காரர் நாற்காலியோடு முற்றத்தில் இறங்கினார். இறங்கியதும் தலையை நிமிர்த்தி, தான் பதினான்கு மாதம் உட்கார்ந்திருந்த இடத்தைக் கீழிருந்து பார்த்தார். அப்புறம் அழுதார்.

பத்தொன்பது நாள் அது நடந்தது. வாரம் மூன்று தடவை ஆஸ்பத்திரி. மற்ற நாளெல்லாம் முற்றத்தில் சக்கர நாற்காலியை உருட்டச் சொல்லி, சுவர்களில் காதை வைத்துக் கேட்பார். கையெழுத்துப் போடாத இரண்டாம் எண்காரரிடம், "உங்க சுவருக்குள்ள தண்ணி ஓடுது, ஒடைச்சுப் பாருங்க" என்றார். உடைத்தார்கள். ஓடியது. இடது கையால் ஸ்பேனரைக் காட்டிக் காட்டி, குழாயை எப்படி மாற்றுவது என்று அவரே சொல்லிக்கொடுத்தார்.

இருபதாம் நாள் குழு வந்து பார்த்தது. சேதத்தை மதிப்பிட்டு எழுத டேப்பையே போட்டார்கள். இந்தத் தடவை அவர் என்னிடம் வரவில்லை. நீதிமன்ற வாசலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் இன்னொரு டைப்பிஸ்டிடம் போனார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. "பாதுகாக்கப்பட்ட அசல் பகுதி குடியிருப்போரால் அழிக்கப்பட்டது" என்று எழுதினாராம். ஏழாம் எண் பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் வந்தது.

இரும்புச் சட்டத்தையும் அகற்றச் சொல்லியிருந்தார்கள். வெல்டர் பிடிவாதமாக நின்றார். முதலில் ஆள் இறங்கட்டும், பிறகு பிரிக்கிறேன் என்றார். குழாய்க்காரர் இறங்கினார், தையல் மெஷின் இறங்கியது, பாத்திரங்களும் இரண்டு பெட்டிகளும் இறங்கின. எல்லாம் அந்த மூன்றரை அடி வழியாகத்தான். வழியனுப்ப முற்றத்துக்கு வந்தவர்கள் வெல்டரும் நானும் மட்டுமே. மற்றவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். நானும் சும்மா நின்றேனே தவிர ஒரு பாத்திரத்தைக்கூடத் தூக்கவில்லை. தூக்கினால் அவள் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன்.

பேருந்து ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் தரையோடு ஒட்டிய ஒற்றை அறைக்குப் போனார்கள். ஈரச் சுவர், டீசல் வாடை. ஆனால் வாசலில் படி கிடையாது. நாற்காலியை நேராகத் தெருவுக்கு உருட்டலாம். அங்கே அவர் இரண்டு வருடம் இருந்தார். ஒர்க்‌ஷாப் ஆட்கள் அவரிடம் குழாய்ச் சந்தேகம் கேட்க வருவார்கள். இரண்டாவது குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, நாலே நாளில் போய்விட்டார். டேப் அன்று வந்து தெருவின் எதிர்ப்பக்கம் நின்றார். யாரும் கூப்பிடவில்லை. தெருவைத் தாண்டி வரவும் இல்லை.

போன மாதம் என் கால்சட்டை இரண்டை அவளிடம் பிடித்துத் தைக்கக் கொடுத்திருந்தேன். வயதானால் இடுப்பும் கரைந்துபோகிறது. வாங்கப் போனபோது அவள் மெஷினில் இருந்தாள். நான் வாசலில் நின்றுகொண்டிருக்கையில் டேப் வந்தார். பணி ஓய்வு பெற்று ஆறு மாதமாகியிருந்தது. சட்டைப்பை காலியாக இருந்தது.

"குழுவுக்கு எழுதிட்டேம்மா" என்றார், உள்ளே நுழையாமலே. "எல்லாத்தையும். அது பின்னால அடைச்சது, எனக்கு மொதல்லயே தெரியும்னு."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "என்ன சொன்னாங்க?" என்று கேட்டது நான்தான்.

"ஒண்ணுமே சொல்லல சார். மூணு மாசம் பார்த்துட்டு நேர்ல போய்க் கேட்டேன். தலைவர் சிரிச்சார். 'எந்தப் பழைய கட்டடம்யா கட்டுன மாதிரியே இருக்கு? மூணரை அடிக்காகப் பட்டியல்லேருந்து எடுப்போமா? சாமான் ஏத்துற வழி இருந்துச்சுன்னு அப்பவே எழுதியிருந்தா நாங்களே அதைத் திறந்து விட்டிருப்போமே'ன்னார்."

மெஷின் நின்றது.

"திறந்து விட்டிருப்பாங்களாமா?"

"ஆமாம்மா. நான்தான் பயந்துட்டேன். ஒண்ணுமே ஆகியிருக்காது. ஒண்ணுமே."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். கொஞ்ச நேரம் துணியை நீவிக்கொண்டிருந்தாள்.

"இதை எதுக்கு எங்கிட்ட சொல்ல வந்தீங்க?" என்றாள்.

பிறந்ததிலிருந்து அண்ணனை 'நீ' என்று கூப்பிட்டவள் அவள். டேப்புக்கும் அது காதில் விழுந்திருக்க வேண்டும்.

"மனசு கேக்கலம்மா" என்றார்.

"அதையும் குழுவுக்கே எழுதுங்க. அவங்கதான் நீங்க எழுதுறதைப் படிக்கிறவங்க."

கட்டிலுக்கு அடியிலிருக்கும் கார்பன் நகலைப் பற்றி அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். சொல்ல இரண்டு நிமிடம் கூட ஆகியிருக்காது. என் கால்சட்டைகளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, டேப்புக்குப் பக்கத்தில், அவரைப் போலவே வாசலில் நின்றேன்.

அவள் ஊசியில் நூல் கோக்க முயன்றாள். இரண்டு தடவை தவறியது. தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சம் மறைக்குது."

நாங்கள் இருவரும் தள்ளி நின்றோம்.